ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்க வேண்டாம்

வகுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டால் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்விதான். கேட்கிறவருக்கு அது சாதாரணக் கேள்வி. பிள்ளைக்கு அதில் பழி இருக்கிறது, பதில் சொல்லவும் எதுவும் இல்லை. பல நேரம் வருவதே தெரிந்திருக்காது, தெரிந்தபோது ஓட நேரம் இருந்திருக்காது, நேரம் இருந்த அன்று கையைத் தூக்கிக் கேட்டிருக்கும், "இப்பதானே இடைவேளை முடிஞ்சுது, உட்காரு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெரும்பாலும் சின்ன வகுப்புகள்தான் எடுக்கிறேன். சிறுநீரோ மலமோ கட்டுக்குள் நிற்காத பிள்ளை இல்லாத வருஷம் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமும் இல்லை, மன உறுதியும் இல்லை என்று யாராவது பேசினால் எனக்குக் கோபமே வரும். அவர்களுக்குத் தேவை மருத்துவம், கூடவே, நினைத்த நேரத்தில் போகக்கூடிய ஒரு கழிப்பறையும் நினைத்த நேரத்தில் குடிக்கக்கூடிய தண்ணீரும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிகிச்சையில் பாதி, பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில்தான் நடந்தாக வேண்டும். பள்ளி ஒத்துழைக்காவிட்டால் எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. நான் சொல்ல வந்தது இதுதான், இனி வருவதெல்லாம் அதற்கான விளக்கம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் தானாகக் குறையும். சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க மருத்துவர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும், வருவது மில்லிலிட்டர் கணக்கு. 7 வயதுப் பிள்ளைக்கு 240 மில்லிலிட்டர், அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவு, அவ்வளவுதான். பொதுவாக இந்த வயதில் ஒரு நாளைக்கு 4 முதல் 7 தடவை போவது இயல்பு. சில பிள்ளைகளுக்குப் பை பாதி நிரம்பும்போதே அதன் தசை தானாகச் சுருங்க ஆரம்பித்துவிடும், மூளையிடம் கேட்டுக்கொண்டு சுருங்குவதில்லை. ஒரு நொடி முன்னால்வரை ஒன்றுமில்லை, அடுத்த நொடி தாங்க முடியாத அவசரம். அந்தப் பிள்ளையிடம் "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, அந்த அஞ்சு நிமிஷம் அதன் உடம்பில் கிடையாது.

இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. காலையில் வீட்டில் போனதோடு சரி, சாயந்திரம் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவார்கள். பள்ளிக் கழிப்பறை நாற்றம், தாழ்ப்பாள் இல்லை, பெரிய பிள்ளைகள் கதவைத் தட்டிக் கேலி செய்வார்கள், ஏதோ ஒரு காரணம். நாள் முழுக்க அடக்கி அடக்கி, இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போய், கடைசியில் உட்கார்ந்தால்கூடத் தளர மறுக்கின்றன. சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாவதில்லை. மிச்சம் தேங்கும் இடத்தில் கிருமித் தொற்று வரும், தொற்று வந்தால் அவசரம் இன்னும் கூடும், அவசரம் கூடினால் நனையும். "நல்ல பிள்ளை, டாய்லெட்டே கேட்காது" என்று பாராட்டு வாங்கும் பிள்ளைதான் இது.

இதைவிட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மலம் கசிவது. பலருக்கு இதற்கும் மலச்சிக்கலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே தெரியாது. தொடக்கம் பெரும்பாலும் ஒரு சின்ன விஷயம்: காய்ச்சலிலோ பயணத்திலோ ஒருநாள் மலம் கெட்டியாகி, போகும்போது வலித்திருக்கும். அடுத்த தடவை வரும்போது பிள்ளை அடக்கும். நுனிக்காலில் நின்று, கால்களை விறைத்துக்கொண்டு, மூலையில் போய் ஒளிந்து, முகம் சிவக்க நிற்கும். முக்குகிறது என்று வீட்டில் நினைப்பார்கள், உண்மையில் வெளியே வராமல் இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளேயே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் கெட்டியாகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். வாரக்கணக்கில் இப்படி நடந்தால் மலக்குடல், இழுத்து இழுத்துத் தளர்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி விரிந்துவிடுகிறது. நிரம்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கிவிடுகிறது. அப்புறம் மேலேயிருந்து வரும் இளகிய மலம், அந்தக் கெட்டிக் கட்டியைச் சுற்றி வழிந்து, பிள்ளைக்கே தெரியாமல் உள்ளாடையில் படுகிறது.

"தெரியாமல்" என்பதை நம்ப மறுப்பவர்கள்தான் அதிகம். இவ்வளவு நாறுகிறதே, அதுகூடவா தெரியாது என்பார்கள். தெரியாது. எந்த வாடையிலும் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடும் வீடுகளும் உண்டு, அது நிலைமையை மோசமாக்கும். வேண்டியது அதற்கு நேர் எதிரான சிகிச்சை: மேக்ரோகால் போன்ற மலமிளக்கியைக் கொடுத்து முதலில் தேங்கியதை வெளியேற்றுவது, அப்புறம் மாதக்கணக்கில் தினமும் மலம் இளகிப் போகும்படி மருந்தைத் தொடர்வது. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகும். ரெண்டு வாரத்தில் சரியாயிடுச்சு என்று நிறுத்தினால் திரும்ப ஆரம்பத்துக்கே வந்து நிற்க வேண்டியதுதான், மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

பள்ளிக்கு இதில் என்ன வேலை? தேங்கியதை வெளியேற்றும் அந்த முதல் நாட்களில் கசிவு கூடத்தான் செய்யும். அது முன்கூட்டியே தெரிந்தால் ஆசிரியர் தயாராக இருப்பார், தெரியாவிட்டால் "மருந்து கொடுத்தும் மோசமாகிறதே" என்று எல்லோரும் பதறுவார்கள். முடிந்தால் அந்தக் கட்டத்தை விடுமுறையில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையத் தொடங்கும், அது உடம்பின் இயல்பு. அதனால் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிஷம் அவசரமில்லாமல் உட்காரப் பிள்ளைக்கு நேரம் வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைக்க வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் இடுப்புத் தசை தளராது. குந்தி உட்காரும் கழிப்பறையில் இந்தப் பிரச்சினையே இல்லை.

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் முன்னும் பின்னுமாக ஒட்டி இருப்பவை. பின்னால் இருப்பது அடைத்துக்கொண்டால் முன்னால் இருப்பதை நெருக்கும். பகலில் நனைக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போனால் அவர் முதலில் மலம் எப்படிப் போகிறது என்று கேட்பது இதனால்தான். மலச்சிக்கல் சரியானதுமே நனைவது நின்றுபோகும் பிள்ளைகள் நிறையப் பேர்.

வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்டால் நான் ஒரு பையனைப் பற்றிச் சொல்வேன். பாடம் நடக்கும்போது பென்சிலைக் கீழே போடுவான். எடுக்கக் குனிவான், அப்படியே குந்தி ஒரு குதிகாலின் மேல் உட்கார்ந்துகொள்வான். கொஞ்ச நேரம் அசைய மாட்டான், கண் எங்கேயும் பார்க்காது, உதடு இறுகியிருக்கும். அப்புறம் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல எழுத ஆரம்பிப்பான். பார்ப்பவர்களுக்குக் கவனமில்லாத பையன். அவன் செய்தது என்னவென்றால், தானாகச் சுருங்கிய பையை அடக்கக் குதிகாலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதையே செய்கிறார்கள், மருத்துவத்தில் இதற்கு வின்சென்ட் கர்ட்சி என்று பெயரே இருக்கிறது. பாவாடைக்குள் காலைப் பின்னிக்கொள்வது, நாற்காலி நுனியில் ஆடிக்கொண்டே இருப்பது, கையை மடியில் அழுத்திக்கொள்வது, எல்லாம் இதே வகைதான். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் "ஆடாம உட்காரு" என்று சொல்லக் கூடாது, சத்தமில்லாமல் வெளியே அனுப்ப வேண்டும்.

இனி அனுமதி விஷயம். இதில்தான் எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் அதிகம் வாக்குவாதம் வரும். "ஒருத்தனுக்கு விட்டா வகுப்பே கிளம்பிடும்" என்பது அவர்கள் வாதம். என் வகுப்பில் யாரும் கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, வாசலில் ஒரு அட்டை தொங்கும், அதை எடுத்துக்கொண்டு போகலாம், திரும்பி வந்து மாட்ட வேண்டும். ஒரு சமயத்தில் ஒருத்தர், அவசரக்காரருக்கு அதுவும் தேவையில்லை. முதல் சில நாட்கள் கூட்டமாகத்தான் இருந்தது, புதுசு என்பதால். அப்புறம் அட்டை பெரும்பாலும் சும்மாவே தொங்குகிறது. எல்லோருக்கும் இருக்கும் உரிமை என்பதால், பிரச்சினை உள்ள பிள்ளை தனியாகத் தெரிவதும் இல்லை. ஒருத்தனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால்தான் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

ஆனால் உணர்வே மங்கிய பிள்ளைக்கு இந்தத் திறந்த அனுமதி மட்டும் போதாது, அவர்களுக்கு நேரம் வைத்து அனுப்ப வேண்டும். ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். "போகணுமா?" என்று கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் "வேண்டாம்" என்றுதான் சொல்லும், அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. "நேரமாச்சு கண்ணு, போயிட்டு வா" என்றால் போய்விடும். கையில் கட்டும் அதிரும் கடிகாரம் கிடைக்கிறது, சத்தம் போடாது, தோலில் மட்டும் அதிரும். வாங்க முடிந்தவர்களுக்கு அது பெரிய உதவி, முடியாதவர்களுக்குப் பாட வேளை மாறும் மணியே போதும்.

அடுத்தது தண்ணீர். நனைக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது, "ஸ்கூல்ல தண்ணி குடிக்காத" என்று சொல்லியே அனுப்புகிறார்கள். பயத்தில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் பலன் தலைகீழ். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும், அடர்த்தியான சிறுநீர் பையை எரிச்சலூட்டும், பை கொஞ்சம் நிரம்பினாலே வெளியேற்றப் பழகிக்கொள்ளும், மலமும் கெட்டியாகும். 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1000 முதல் 1400 மில்லிலிட்டர் வரை நீராகாரம் வேண்டும், அதுவும் நாள் முழுக்கப் பரவலாக. காலையிலிருந்து குடிக்காமல் இருந்துவிட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்து மொத்தமாகக் குடிக்கும் பிள்ளை இரவிலும் நனைக்கும். தண்ணீர் பாட்டில் பையில் கிடந்தால் பிள்ளை மறந்துவிடும், மேசை மேல் இருக்கட்டும். காபி, டீ, கோலா மூன்றும் வேண்டாம், அவற்றிலுள்ள காஃபின் சிறுநீர்ப்பையைத் தூண்டும்.

நனைந்துவிட்டால் என்ன செய்வது? இதை நனைவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நானும் ஒரு சிறுமியும் பேசி வைத்திருந்த ஏற்பாடு இது: அவள் மேசை ஓரத்தில் அழிரப்பரைச் செங்குத்தாக நிறுத்துவாள். நான் பார்த்ததும் ஏதாவது நோட்டைக் கொடுத்து "இதை ஆயாம்மாகிட்ட குடுத்துட்டு வாடா" என்பேன். ஆயாம்மாவுக்கு அந்த நோட்டு வந்தால் என்னவென்று தெரியும். மாற்று உடைப் பை வகுப்பில் இல்லை, அங்கேதான் இருக்கும். அந்த நேரத்தில் நான் மற்ற பிள்ளைகளை எழுப்பிக் கரும்பலகைப் பக்கம் வட்டமாக உட்கார வைப்பேன், நாற்காலியைத் துடைக்க அவ்வளவு நேரம் போதும். அவள் திரும்பி வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்வாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டக்கூட மாட்டேன்.

அந்தப் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் அனுபவம் இல்லாதவர்கள் ரெண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள். ஒன்று, மாற்று உடை சீருடையாகவே இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை நீலப் பாவாடையில் போன பிள்ளை பூப்போட்ட பாவாடையில் திரும்பி வந்தால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். இன்னொன்று, சாக்ஸ். ஒண்ணுக்கு கால் வழியாக இறங்கி நேராகச் சாக்ஸுக்குத்தான் போகும். உடையை மாற்றிவிட்டு ஈர சாக்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வாடை வீடுவரை கூடவே வரும். மற்றபடி உள்ளாடை ரெண்டு, ஈரத் துடைப்புத் தாள், சின்னத் துண்டு, ஈர உடையைப் போட வெளியே தெரியாத கெட்டியான கவர். அந்தக் கவரைப் பிள்ளை கையில் தூக்கிக்கொண்டு போகும்படி விடாமல் அதன் பைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

முடிந்தவரை பிள்ளையே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளட்டும், பெரியவர் கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு யார் செய்வது என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டு, ரெண்டு பேர் பெயரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் லீவில் இருந்தால் இன்னொருவர். உதவும்போது இன்னொரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், கையுறை வேண்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், என்ன நடந்தது என்று ஒரு வரி குறித்து வைக்க வேண்டும். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உதவுகிறவருக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குப் போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அது பிள்ளையைப் பாதி நாள் வெளியேற்றுவதுதான், பெயர் மட்டும் வேறு. பாடம் போகிறது, அம்மா வேலையை விட்டு ஓடி வருகிறார், சில அம்மாக்கள் வேலையையே விட்டுவிடுகிறார்கள். டயாப்பர் போடும் பிள்ளையைச் சேர்க்கவே மாட்டோம் என்று சொல்வதும் உண்டு. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, கல்வி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்றும், பள்ளியின் கட்டுப்பாட்டு முறைகள் பிள்ளையின் மானத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நனைத்ததற்காக வகுப்பு முன்னால் நிற்க வைப்பது, பிள்ளையையே தரையைத் துடைக்கச் சொல்வது, ஈர உடையோடு வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பிரிவுக்கு எதிரானவை. எந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்காமலே தப்பு என்று தெரியும் விஷயங்கள்தான், ஆனாலும் கேட்கிறவர்களிடம் காட்ட ஒரு ஆதாரம் வேண்டியிருக்கிறது.

பரிசு நட்சத்திரம் ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. "இன்னைக்கு நனைக்கல" என்பதற்கு நட்சத்திரம் கொடுக்காதீர்கள், அது பிள்ளையின் கையில் இல்லை. தண்ணீர் குடித்ததற்கும், சொன்ன நேரத்தில் போய் உட்கார்ந்ததற்கும் கொடுங்கள், அதை அந்தப் பிள்ளையால் செய்ய முடியும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் வீண் பேச்சு. தலைமை ஆசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள்: இடைவேளை நேரத்தில், கூட்டமாக இருக்கும்போது, ஒருநாள் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, அதைச் சின்னப் பிள்ளையால் திறக்க முடிகிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் யாராவது எட்டிப் பார்க்க முடியுமா. ஆண் பிள்ளைகள் பக்கம் வரிசையாகச் சிறுநீர்த் தொட்டிகளைக் கட்டிவிட்டு, கதவு வைத்த அறை ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் பூட்டிக் கிடக்கும். மலம் கசியும் பையன் எங்கே போவான்? டயாப்பரையோ பேடையோ போட மூடி வைத்த குப்பைத் தொட்டி பெண்கள் பக்கம் இருந்தால் இருக்கும், பையன்கள் பக்கம் இருக்கவே இருக்காது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலும் திடீரென்று பாயும் ஃப்ளஷ் சத்தமும் தாங்க முடியாதவை, அதற்குப் பயந்தே அடக்குவார்கள். அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு துண்டு தொங்கவிட்டால் முடிந்தது.

பழக்கத்தாலோ பயிற்சியாலோ சரியாகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறக்கும்போதே முதுகுத்தண்டு சரியாக மூடாத ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பையின் நரம்புகள் சரியாக வேலை செய்வதில்லை. மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டு, சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவார்கள், சாதாரணமாக 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 1972இல் ஜாக் லபிடஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர், இதற்கு அறுவைசிகிச்சை அறை அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு நேரத்துக்கு வடித்தாலே போதும் என்று காட்டினார். வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளே இதைச் செய்துகொள்ள முடிவது அதனால்தான். சில பிள்ளைகளுக்குக் குடல்வாலை வைத்து வயிற்றுத் தோலிலிருந்து பைக்கு ஒரு சின்ன வழி அமைத்திருப்பார்கள், மிட்ரோஃபனாஃப் முறை என்று பெயர், 1980இல் வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை, உடையை முழுக்கக் கழற்ற வேண்டாம்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வேண்டியவை: உள்ளே தாழ் போடக்கூடிய சுத்தமான ஒரு அறை, கை கழுவும் இடம், பொருட்களை வைக்க ஒரு தட்டு, அவசரப்படுத்தாத கொஞ்ச நேரம். தேர்வு நாளிலும் சுற்றுலா நாளிலும் இதே நேரக் கணக்கு ஓடும், ஆகவே தேர்வில் அந்த நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், பேருந்து எங்கே நிற்கும் என்பதை முன்பே பார்க்க வேண்டும். முக்கியமான ஒன்று, ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை வரும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். லேடெக்ஸ் கையுறையும் பிறந்தநாள் பலூனும் அந்த வகுப்பில் வேண்டாம்.

பெற்றோருக்கு: தயவுசெய்து பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். வெட்கத்தில் மறைத்தால் பிள்ளை தனியாகச் சுமக்கும். சொல்லும்போது மருத்துவச் சீட்டோடு, எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும், பிள்ளை வீட்டில் என்ன வார்த்தை சொல்லும், என்ன சொன்னால் அதற்குக் கூச்சம் வரும், நனைந்தால் யாரிடம் போகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வகுப்பாசிரியர் மாறினாலும் அந்தப் பக்கம் மாறாமல் கூடவே போகும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, கூடவே தீராத தாகம், எடை குறைதல், சோர்வு இருந்தால் அது முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளை என்று தள்ளக் கூடாது. எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் தொற்றாக இருக்கலாம். நடை மாறுவது, கால் வலுவிழப்பது, முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது முதுகுத்தண்டைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். எப்போதுமே சொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிஷம்கூடக் காய்ந்ததில்லை என்றால் சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே வேறு இடத்தில் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். உடம்பில் எதுவும் இல்லாமல் திடீரென்று தொடங்கினால், பிள்ளையை யாராவது பயமுறுத்துகிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்பதையும் மென்மையாக விசாரிக்க வேண்டியிருக்கும்.

இரவில் படுக்கையை நனைப்பது பள்ளிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், வெளியூர் முகாம் வரும்வரை. 5 வயதில் சுமார் 15 சதவீதம் பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள், வருஷா வருஷம் அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். பெரும்பாலும் குடும்பத்தில் வருவது, அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் நனைத்திருப்பார்கள். ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் அலாரம், மருந்து என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, ஆனால் முகாமுக்கு முந்தைய வாரத்தில் போய்க் கேட்டால் பலன் இருக்காது, மாதங்களுக்கு முன்பே கேட்க வேண்டும். முகாமில் கூட வரும் ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கதவோரப் படுக்கை, தூங்கும் பைக்குள்ளேயே மடித்து வைத்த மாற்று உடை, மற்றவர்கள் எழுவதற்கு முன்பே பிள்ளையை எழுப்பிவிட ஒரு ஆள்.

கேலி பேசும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பட்டப்பெயர் வைப்பது கொடுமைப்படுத்துவதுதான், மற்ற கொடுமைகளுக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். அறிவியல் பாடத்தில் சிறுநீரகமும் குடலும் வரும்போது நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், யாரையும் சுட்டாமல். பை எப்படி நிரம்புகிறது, எல்லாருக்கும் ஏன் ஒரே வயதில் கட்டுப்பாடு வருவதில்லை என்று படம் போட்டுச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

தொடக்கப் பள்ளி முடிந்து பெரிய பள்ளிக்குப் போகும்போதுதான் பல பிள்ளைகளுக்குக் கட்டமைத்த ஏற்பாடெல்லாம் கலைந்துபோகிறது. ஒரு வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் ஏழெட்டுப் பாட ஆசிரியர்கள், பெண் பிள்ளைகளுக்குச் சேர்த்து மாதவிடாயும் தொடங்கும் வயது. அதனால் சேர்வதற்கு முன்பே ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளியின் கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். காரணம் தெரிய வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும் செவிலியரும் மட்டும்தான், மற்ற ஆசிரியர்களுக்கு "இந்த மாணவர் எழுந்து போனால் தடுக்க வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம்" என்ற ஒரு வரி போதும். இந்த வயதில் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்ட வாசகத்தை அப்படியே எழுதி, முதல் நாள் வகுப்பு தொடங்கும் முன் எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் சேர்த்துவிடுங்கள்.